பலாலியா, கட்டுநாயக்காவா? சென்னைக்கு எது கிட்ட?

சென்னைக்குப் போக எந்த விமான நிலையம் கிட்ட என்று வன்னியில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நேர்கோட்டில் பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர், கட்டுநாயக்காவிலிருந்து 645. ஆனால் பறக்கும் நேரம் பாதியாகாது. பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். ரக புரொப்பெல்லர் விமானம். ஜெற்றைவிட வேகம் குறைவு. எங்கிருந்து ஏறினாலும் ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும்.

உண்மையான மிச்சம் தரையில்தான். கிளிநொச்சியிலிருந்து பலாலி சுமார் 80 கிலோமீற்றர். கட்டுநாயக்கா 300க்குக் கிட்ட. போரால் பிரிந்து தமிழக முகாமில் இருக்கும் உறவின் செத்தவீட்டுக்கு ஓடுகிறவருக்கு, அது ஓர் இரவு பஸ் பயணம்.

2019 ஒக்ரோபர் 17இல் திறந்த பலாலியில், 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசெம்பர் 12இல்தான் மீண்டும் தொடங்கியது. கிட்ட இருப்பது மட்டும் போதாது, பறப்பும் இருக்கவேண்டும். ஆகவே முதலில் அன்றைய சேவையை விசாரியுங்கள், பிறகு தூரத்தைக் கணக்கிடுங்கள்.