மலைப்பாதையில் மோட்டார் எஞ்சின் கொதிப்பது ஏன்?

நடமாடும் மருத்துவ வண்டி, கண்காட்சி வண்டி, படுக்கையும் சமையல் வசதியும் அமைந்த வீட்டு வண்டி போன்ற பாரமான வண்டிகள் சமவெளியில் யாதொரு குறையுமின்றி ஓடும். மலையேற்றம் தொடங்கியதும் வெப்பமானியின் முள் உயர்ந்து, ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்புவதுண்டு. இதன் காரணங்களை அறிந்தவர், பழுது எங்குள்ளது என்பதைப் பெரும்பாலும் பாதையோரத்திலேயே கண்டுகொள்ளலாம்.

5 டன் எடையுள்ள வண்டியொன்று, 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். எடையை உயர்த்துவதற்கு மட்டுமே ஏறக்குறைய 18 கிலோவாட், அதாவது சுமார் 24 குதிரைத்திறன் செலவாகிறது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீரே அகற்றியாக வேண்டும். ஆகவே, எஞ்சினின் வேலை மிகும்போது அகற்ற வேண்டிய வெப்பமும் மிகுகிறது. வண்டி மெதுவாகச் செல்வதால் ரேடியேட்டரின் மீது மோதும் காற்றோ குறைகிறது.

உயரமும் ஒரு காரணமாகும். கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், இமாசலப் பிரதேசத்தில் 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதங் கணவாயில் சுமார் 87 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சின் நீரின் வழக்கமான உஷ்ணநிலையும் ஏறக்குறைய அதுவே. அங்குள்ள காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ரேடியேட்டரின் சுருள்வில் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதாலேயே நீர் கொதியாமல் இருக்கிறது. பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே.

பழுதை அறியும் முறை வருமாறு:

1. வேகமாகச் செல்கையில் சூடு தணிந்து, மெதுவாகச் செல்கையில் ஏறினால், விசிறியையும் அதன் பெல்ட்டையும் சோதிக்க வேண்டும்.

2. ஏற்றத்தில் மட்டும் சூடேறினால், ரேடியேட்டரின் வெளித்தகடுகளில் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கலாம். உட்குழாய்களில் உப்பு படிந்திருக்கலாம்.

3. எஞ்சின் மிகச் சூடாகியும் மேல் ரப்பர் குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனக் கருதலாம். அதைக் கழற்றி வெந்நீரில் இட்டு, அதில் பொறிக்கப்பட்ட உஷ்ணநிலையில் திறக்கிறதா என்று பார்க்கலாம். ஆசிரியர்கள் இதையே வகுப்பில் செய்து காட்டலாம்.

4. முள் மிக உயராமலே நீர் பொங்கி வழிந்தால், மூடியின் சுருள்வில் தளர்ந்திருக்கக் கூடும்.

5. வெளியே கசிவின்றி நீர் குறைந்துகொண்டே வந்து, நீரில் குமிழிகளும் தோன்றினால், கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். அவ்வண்டியை மேலே ஓட்டலாகாது.

முள் உயரத் தொடங்கியவுடனே குறைந்த கியருக்கு மாறி வேகத்தைத் தணிக்க வேண்டும். இதனால் எஞ்சினின் சுமை குறைகிறது. நீர்ப்பம்பும் விரைந்து சுழல்கிறது. குளிர்சாதனத்தை நிறுத்தி, உள்ளறை ஹீட்டரை முழுமையாகத் திறப்பதும் பயன் தரும். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. சூடு தணியாவிடில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிடலாம். நீர் வெளியேறிவிட்டாலோ, ஆவி பீறிட்டாலோ எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர், அழுத்தம் நீங்கிய கணமே ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கண்களையும் வேகவைத்துவிடும். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும் வரை காத்திருந்து, பின்னரே திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீரைக் கொட்டுவதும் தவறு. உலோகம் வெடித்துவிடக் கூடும். அரைமணி நேரத் தாமதம் பெரிய நஷ்டமன்று.