ஒரு தெருவுக்கு அடியில் மூன்று தண்ணீர்

மும்பையில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும். "உங்க பில்டிங்கில் எத்தனை மணிக்கு வருது? எத்தனை நேரம் வருது?" என்ற விசாரிப்பு, குசல விசாரிப்பில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது தெரிந்த நமக்கு, அது எங்கிருந்து வருகிறது, குளித்துத் துவைத்த பின் எங்கே போகிறது, மாடியில் பெய்த மழை எந்த வழியாகக் கடலுக்குச் சேருகிறது என்பது தெரிவதில்லை. ரயில்வேயில் சிவில் பகுதியில் முப்பத்து நான்கு ஆண்டுகள், பெரும்பாலும் குர்லாவுக்கும் கல்யாணுக்கும் இடையே, பாலமும் கல்வெர்ட்டும் வடிகாலும் பார்த்தவன் என்ற முறையில் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் தெருவுக்கு அடியில் மூன்று தண்ணீர் ஓடுகிறது. ஒன்று குடிநீர், இரண்டாவது கழிவுநீர், மூன்றாவது மழைநீர். மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காப்பதுதான் இந்த வேலையின் சாரம். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடுகளே.

முதலில் குடிநீர். மும்பைக்கு முதல் ஏரி விஹார், 1860-இல் முடிந்தது. துளசி 1879, தான்சா 1892. சுதந்திரத்துக்குப் பின் 1957-இல் வைதர்ணா ஆற்றில் வந்த அணைக்கு, கார்ப்பரேஷன் பொறியாளராக இருந்த என்.வி. மோடக் பெயரால் மோடக் சாகர் என்று பெயர். 1973-இல் மேல் வைதர்ணா, அதன்பின் பாட்சா, 2014-இல் 102 மீட்டர் உயரமுள்ள நடு வைதர்ணா. ஆக ஏழு ஏரிகள். பவாய் ஏரியும் குடிநீருக்காகவே கட்டப்பட்டதுதான். ஆனால் அதன் நீர் குடிக்க லாயக்கில்லாமல் போய் வெகு காலமாகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஏழு ஏரிகளும் நிரம்பினால் கிடைக்கும் நீர் சுமார் 14 லட்சத்து 47 ஆயிரம் மில்லியன் லிட்டர். நகரத்துக்குத் தினமும் அனுப்பப்படுவது ஏறக்குறைய 3,850 மில்லியன் லிட்டர். வகுத்துப் பாருங்கள், 375 நாள் வரும். அதாவது நான்கு மாத மழையைச் சேர்த்து வைத்து ஒரு வருஷம் முழுக்கச் சாப்பிடும் குடும்பம் இது. கையிருப்பு என்று அதிகம் கிடையாது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் தேதி ஏரிகளில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, தண்ணீர் வெட்டு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறார்கள்.

வைதர்ணா, தான்சா ஏரிகளின் தண்ணீர் நகரம் வரை பம்பு இல்லாமலே வருகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடி வந்து சேரும்படி குழாய்கள் போடப்பட்டிருக்கின்றன. பாட்சா நீரை மட்டும் பீசே என்ற இடத்தில் எடுத்துப் பம்பு செய்ய வேண்டும். பாண்டுப்பிலும் பாஞ்ச்ராப்பூரிலும் சுத்திகரித்து, குளோரின் கலந்து, குன்றுகளின் மேல் உள்ள தேக்கத் தொட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். மலபார் ஹில்லில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு 'ஹாங்கிங் கார்டன்' போகிறோமே, அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பது அப்படி ஒரு தொட்டிதான்.

இவ்வளவு தூரம் பத்திரமாக வந்த தண்ணீர் கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி முப்பது அடியில். காரணம், நமக்குத் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை, முறை வைத்துச் சில மணி நேரமே வருகிறது. குழாயில் அழுத்தம் இருக்கும் வரை, அதில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். நஷ்டம்தான், ஆனால் ஆபத்தில்லை. வால்வை மூடியதும் குழாய் காலியாகும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கியிருப்பது உள்ளே போகும். யாராவது மெயின் லைனிலேயே நேராக மோட்டார் வைத்து இழுத்தால் இன்னும் மோசம். அந்த மோட்டார் பக்கத்து வீட்டுத் தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்தே இழுக்கும்.

செம்பூரில் நான் குடியிருந்த கட்டிடத்தில் ஒரு மழைக்காலத்தில் நாலு வீடுகளில் மஞ்சள் காமாலை. அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருவர் பானிபூரியைக் குறை சொன்னார், ஒருவர் பால்காரரை. தெருக் குழாயில் எடுத்த தண்ணீர் பரிசோதனையில் நன்றாகவே இருந்தது. கேட்டுக்கு உள்ளே தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கட்டிடத்துக்கு வரும் ஜி.ஐ. பைப், பின்பக்கச் சந்தில் கட்டருக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. துருப்பிடித்து, விரல் நுழையும் அளவு ஓட்டை. பைப்பை மாற்றி, கட்டருக்கு மேலே உயர்த்திப் போட்டோம். அதோடு காமாலையும் நின்றது. அந்த முப்பது அடி குழாய் கார்ப்பரேஷனுடையது அல்ல, சொசைட்டியுடையது என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள்.

இரண்டாவது, கழிவுநீர். கல்கத்தாவின் பழைய பகுதியில் கழிவும் மழையும் ஒரே செங்கல் சுரங்கத்தில் போகும். மும்பையில் இரண்டுக்கும் தனித்தனி வழி. கழிவுநீர்க் குழாயைச் சரிவாகப் போட்டு, நீர் வினாடிக்கு இரண்டடி வேகத்திலாவது ஓடும்படி செய்ய வேண்டும். வேகம் குறைந்தால் மண்டி படியும். கடலை நிரப்பி உண்டாக்கிய தட்டையான ஊரில் சரிவுக்கு எங்கே போவது? ஆகவே வழியெல்லாம் பம்பிங் ஸ்டேஷன்கள். நகரம் ஏழு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வொர்லியிலும் பாந்த்ராவிலும் கழிவுநீரைக் கடலுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்தில் கொண்டுபோய் விடும் ஏற்பாடு உண்டு. கடலில் விடுமுன் முழுமையாகச் சுத்திகரிக்க வேண்டும் என்பதற்காக ஏழு இடங்களில் புதிய நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அவற்றின் மொத்தத் திறன் தினம் 2,464 மில்லியன் லிட்டர்.

நம் பங்கு இதில் என்ன? பட்சணம் பொரித்த எண்ணெயை ஸிங்கில் ஊற்றாமல் இருப்பது. ஊற்றும்போது சூடாக ஓடும் எண்ணெய், குழாயில் ஆறி, கெட்டிப்பட்டு, மண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடைத்தால் ஒரு ஆளைக் கூப்பிட்டு மேன்ஹோலில் இறக்குவது முன்பு வழக்கமாக இருந்தது. விஷவாயுவில் எத்தனையோ ஏழைகள் இப்படி மாண்டிருக்கிறார்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது சொசைட்டிக் காரியதரிசிக்கும் பொருந்தும்.

மூன்றாவது மழைநீர். இங்கேதான் கடல் நம்மோடு விளையாடுகிறது. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் இறக்கத்தில் இருக்கும்போது, வெளியேற்றும்படி அமைந்தவை. கடலில் போய்ச் சேரும் 186 வாய்களில், ஏற்றத்தின்போதும் கடல் மட்டத்துக்கு மேலே இருப்பவை விரல்விட்டு எண்ணக் கூடியவையே. மற்றவற்றில் ஏற்ற நேரத்தில் கடல்நீரே உள்ளே வரப் பார்க்கும். 1993-இல் தயாரான 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை, வடிகால்களை மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை தாங்கும்படி பெரிதாக்கி, பம்பு வைக்கச் சொன்னது. அறிக்கை அலமாரியில் தூங்கியது.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மட்டும்! 25 மில்லிமீட்டர் வடிகால் இருபத்து நாலு மணி நேரம் ஓய்வில்லாமல் ஓடினாலும் 600தான் போகும். இங்கேயோ பெரும்பகுதி பிற்பகலிலும் மாலையிலும் கொட்டித் தீர்த்தது. விஹாரும் பவாயும் வழிந்தால் மித்தி ஆற்றில்தான் போக வேண்டும். அந்த ஆற்றையோ கரையெல்லாம் நெருக்கிக் குறுக்கி வைத்திருந்தோம். அதன் பிறகே ஹாஜி அலி, இர்லா, லவ் க்ரோவ், கிளீவ்லண்ட் பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் என்று ஆறு மழைநீர்ப் பம்பிங் ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஹிந்த்மாதா தண்ணீரைக் கடல் இறங்கும் வரை பிடித்து வைக்கத் தரைக்கடியில் தொட்டிகளும் கட்டினார்கள்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் போகும் கல்வெர்ட் ரயில்வேயுடையது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாலா கார்ப்பரேஷனுடையது. தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. ஒரு பக்கம் தூர் வாரி மறுபக்கம் விட்டால் வாராததற்குச் சமம். சயானிலும் குர்லாவிலும் வண்டி நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு.

2017 ஆகஸ்ட் 29 மழையில், வீட்டுக்கு நடந்து போன ஒரு மருத்துவர் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்தார். இரண்டு நாள் கழித்து வொர்லிக் கடலோரத்தில் உடல் கிடைத்தது. தேங்கிய நீர் சீக்கிரம் வடியட்டும் என்று மூடியைத் திறந்து விட்டிருந்தார்கள். மழைநீருக்கு வழி அதுவல்ல. மூடியைத் திறந்தால் ஆளை விழுங்கும். வெள்ளம் கழிவுநீர்க் குழாயில் புகுந்தால் அது வேறெங்காவது பொங்கி, தரைமட்டத்தில் மூடி வைத்த சக்ஷன் டாங்குக்குள் போய் நம் குடிநீரோடு சேரும். மூன்று தண்ணீரும் ஒன்றாகும் இடம் அதுதான்.

ஆகவே மே மாதச் சொசைட்டி மீட்டிங்கில், பெயிண்ட் நிறத்தைப் பற்றிய சர்ச்சைக்கு முன்னால், இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரிலிருந்து டாங்க் வரை பைப் எங்கே போகிறது என்று ஒரு பிளம்பரோடு நடந்து பாருங்கள். கட்டருக்குள் இருந்தால் தூக்கிப் போடுங்கள். சக்ஷன் டாங்கின் வாயை இரண்டடி உயர்த்தி இறுக்கமான மூடி போடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை டாங்கைக் கழுவுங்கள். தண்ணீர் வந்த முதல் சில நிமிஷத்துக் கலங்கலை டாங்கில் விடாதீர்கள். குளோரின் பார்க்கும் சிறு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் வார்டு ஆபீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள். மாடி மழைக்குழாய் கழிவுநீர்ச் சேம்பரில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பிரித்து மழைநீர் வடிகாலுக்கோ, இடமிருந்தால் சேகரிப்புக் குழிக்கோ திருப்புங்கள்.

ஏரியும் அணையும் பம்பும் அரசாங்கத்தின் வேலை. கேட்டுக்கு உள்ளே முப்பது அடி நம்முடையது. செலவு, வீட்டுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. ஒரு பிள்ளைக்குக் காமாலை வந்தால் ஆகும் செலவையும், பரீட்சை நேரத்தில் அது படுத்துக் கிடப்பதையும் நினைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கு யாருக்கும் சுலபமாகப் புரியும்.