காட்சி போகலாம், காரணம் போகலாமா?

2014 ஜூன் 15. எச்பிஓவில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் நான்காவது சீசன் முடிந்த இரவு. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் டிரியன் லானிஸ்டரை அண்ணன் ஜேமி சிறையிலிருந்து தப்ப வைக்கிறான். இருவரும் கட்டித் தழுவிப் பிரிகிறார்கள். கப்பலேறப் போகவேண்டிய டிரியன் வழியை மாற்றிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போகிறான். அப்பாவின் படுக்கையில் தன் காதலி ஷே இருப்பதைப் பார்க்கிறான். அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பிறகு கழிவறையில் உட்கார்ந்திருக்கும் அப்பா டைவின் மீது குறுக்குவில்லால் அம்பு எய்கிறான்.

தொடரை மட்டும் பார்த்தவர்களுக்கு அது மறக்க முடியாத காட்சி. நாவலைப் படித்திருந்த பலரிடம் அன்று ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: டைஷா எங்கே?

டைஷா யார் என்று தெரியாமல் அந்த ஆதங்கம் புரியாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலில், 13 வயது டிரியன் ஒரு குடியானவரின் மகளை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறான். சில நாட்களில் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் காசுக்கு வந்தவள், உனக்காக நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று ஜேமி தம்பியிடம் சொல்கிறான். அதன்பின் டைவின் தன் காவலர்களைக் கொண்டு அந்தப் பெண்ணுக்கு இழைத்த கொடுமையை, பெற்ற மகனே நின்று பார்க்கும்படி செய்கிறார். காசு கொடுக்காமல் தன்னை எந்தப் பெண்ணும் நேசிக்க மாட்டாள் என்ற எண்ணம் அன்றைக்கு டிரியனின் மனதில் ஏறியது. அவனுடைய குடி, கேலிப் பேச்சு, ஷே மீதான பிடிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நாள் இருக்கிறது.

மூன்றாவது நாவலான 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' முடியும் தறுவாயில், அதே சிறைக் காட்சியில், ஜேமி உண்மையைச் சொல்லிவிடுகிறான். டைஷா காசுக்கு வந்தவள் அல்ல. அவள் உண்மையாகவே அவனை நேசித்தவள். அப்பா சொல்லச் சொன்ன பொய்யைத்தான் அண்ணன் சொன்னான். டிரியன் அண்ணனை அறைகிறான். வேண்டுமென்றே, உன் மகன் ஜாஃப்ரியைக் கொன்றது நான்தான் என்று ஒரு பொய்யைப் பதிலுக்கு வீசுகிறான். ஜேமியின் சகோதரியும் காதலியுமான செர்சிக்கு வேறு ஆண்களோடு இருந்த உறவையும் போட்டு உடைக்கிறான். அதற்குப் பிறகுதான் மாடி ஏறுகிறான். அப்பாவிடம் அவன் கேட்பது டைஷாவை எங்கே அனுப்பினீர்கள் என்று. பதிலில் வந்த ஒரு வசைச் சொல்லுக்காகவே அம்பு பாய்கிறது.

தொடரின் அந்தக் காட்சியில் டைஷாவின் பேச்சே எழவில்லை. அங்கே அப்பாவும் மகனும் பேசுவது ஷேயைப் பற்றி. இத்தனைக்கும் முதல் சீசனின் ஒன்பதாவது அத்தியாயத்தில், மது அருந்தியபடி டிரியன் தன் முதல் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறான். விதை போட்டவர்கள் அறுவடைக்கு வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒரு பேச்சு போனதால் நாவலின் அடுத்தடுத்த பாகங்களும் தொடரில் இடம்பெயர்ந்தன. நாவலில் டிரியன் சொன்ன வார்த்தை ஜேமியின் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நான்காவது நாவலின் முடிவில், கைதாகிக் கிடக்கும் செர்சி உதவி கேட்டுக் கடிதம் அனுப்புகிறாள். அதை நெருப்பில் போடச் சொல்லிவிடுகிறான் ஜேமி. தொடரிலோ அண்ணனும் தம்பியும் பாசத்தோடு பிரிந்தவர்கள். அதனால் 2019-ல் கடைசி சீசனில் டிரியன் கண்ணீரோடு ஜேமியை விடுவிப்பதும், ஜேமி செர்சியைத் தேடிப்போய் அவளோடு சாவதும் தொடரின் கணக்கில் சரியாகவே வருகின்றன. ஆனால் அவன் வேறு ஜேமி.

நாவலையும் தொடரையும் ஒப்பிடும் ரசிகர்களைப் பற்றிப் பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. எது விடுபட்டது என்று பட்டியல் போட்டுப் புலம்புபவர்கள் என்று. பட்டியல் போடுபவர்கள் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. உயிர்த்தெழும் கேட்லின் ஸ்டார்க், அதாவது லேடி ஸ்டோன்ஹார்ட், தொடரில் இல்லை. டோர்ன் நாட்டு இளவரசி ஏரியானும் அவள் தம்பி குவென்டினும் இல்லை. கடற்படைத் தலைவன் விக்டேரியன் கிரேஜாய் இல்லை. ஆனால் நல்ல ஒப்பீடு இந்தப் பட்டியலோடு நிற்பதில்லை. ஒரு பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொண்டது என்ற கேள்விக்கு நாவல் ஒரு பதில் வைத்திருந்தது, தொடர் எந்தப் பதிலை வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அது விமர்சனத்தின் வேலை. சம்பளமோ பட்டமோ இல்லாமல், நாவலைத் திரும்பத் திரும்பப் படித்து இதைச் செய்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்பதை, 2016-ல் தொடர் காட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நாவலில் சிதறிக் கிடந்த குறிப்புகளிலிருந்து கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான்.

வெட்டு தவிர்க்க முடியாதது. மார்ட்டின் 1980-களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் திரைக்கதை எழுதியவர். 'தி ட்விலைட் ஸோன்' மறுவருகையிலும் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' தொடரிலும் வேலை பார்த்தார். எழுதியதைச் செலவு காரணமாகக் குறைக்கச் சொல்வது அங்கே வழக்கம். அந்தச் சலிப்பில்தான், எந்தப் பட்ஜெட்டுக்கும் அடங்காத அளவில் ஒரு கதையை எழுத உட்கார்ந்தார். முதல் நாவல் 1996-ல் வந்தது. மூன்று பாகம் என்று தொடங்கியது இப்போது ஏழு என்று திட்டமாகி, 2011-ல் வெளியான ஐந்தாவது பாகத்தோடு நிற்கிறது. படமாக்க முடியாதபடி எழுதியதைத்தான் டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் படமாக்க எடுத்துக்கொண்டார்கள். பிளாக்வாட்டர் போரில் ஆற்றின் குறுக்கே டிரியன் கட்டவைக்கும் பிரம்மாண்டச் சங்கிலி தொடரில் காணாமல் போனதற்குப் பணம்தான் காரணமாக இருக்கும். அந்த அத்தியாயத்தின் திரைக்கதையை எழுதியவரே மார்ட்டின்தான்.

வயதை மாற்றியதும் அப்படித்தான். நாவல் தொடங்கும்போது, ஆட்சியிழந்த டார்கேரியன் வம்சத்தின் டெனேரிஸுக்கு 13 வயது, ராபுக்கும் ஜானுக்கும் 14. அந்த வயதுப் பிள்ளைகளை வைத்து அந்தக் கதையைத் திரையில் காட்டவே முடியாது. எல்லோரையும் இரண்டு மூன்று வயது கூட்டினார்கள். ஜான் பிறந்தது ராபர்ட் அரியணையைக் கைப்பற்றிய கிளர்ச்சியின்போது என்பதால், நாவலில் ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தப் போர் தொடரில் 17 ஆண்டுகளுக்கு முன் போனது. ஒரு நூலை இழுத்தால் எங்கெல்லாம் அசைகிறது பாருங்கள்.

தொடர் கூட்டிச் சேர்த்தவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மார்ட்டினின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே ஒரு பாத்திரத்தின் கண்வழியே நகரும். அந்த ஆள் அறையில் இல்லாவிட்டால் அங்கே என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியாது. முதல் நாவலில், முன்னுரையை விட்டுவிட்டால், எட்டுப் பேருக்குத்தான் இந்த உரிமை. ராஜா ராபர்ட்டுக்குக் கிடையாது, செர்சிக்கும் அப்போது கிடையாது. கேமராவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முதல் சீசனில் ராபர்ட்டும் செர்சியும் தனியே உட்கார்ந்து, தங்கள் கல்யாணம் எப்படித் தோற்றது என்று பேசும் காட்சி நாவலில் இல்லாதது. இரண்டாவது சீசனில் ஹேரன்ஹாலில் ஆர்யா, டைவினுக்கு மது ஊற்றும் சிறுமியாக நிற்கிறாள். நாவலில் அவள் இருந்தது ரூஸ் போல்டனிடம். இந்த இரண்டையும் நாவல் வாசகர்களே கொண்டாடினார்கள். ஹார்ட்ஹோம் என்ற ஊரில் நடப்பது ஐந்தாவது நாவலில் ஒரு கடிதத்தில் வந்துபோகும் சேதி. தொடரில் அதுவே பெரும் போர். இவற்றில் யாருடைய குணமும் மாறவில்லை, இன்னும் ஆழமாகத்தான் தெரிந்தது.

ராப் ஸ்டார்க்கின் கல்யாணம் வேறு வகை. நாவலில் அவன் போரில் காயம்பட்டுக் கிடக்கிறான். தம்பிகள் கொல்லப்பட்டார்கள் என்ற பொய்ச் செய்தி வருகிறது. அந்தத் துக்கத்தில், தன்னைக் கவனித்துக்கொண்ட ஜெய்ன் வெஸ்டர்லிங்கோடு ஓர் இரவைக் கழிக்கிறான். மறுநாளே அவளை மணந்துகொள்கிறான், அவள் மானம் கெடக்கூடாது என்பதற்காக. ஃப்ரே குடும்பத்துப் பெண்ணை மணப்பதாகக் கொடுத்த வாக்கு அதனால் போகிறது. அப்பா நெட் ஸ்டார்க்கைக் கொன்ற அதே நேர்மைதான் மகனையும் கொல்கிறது. தொடரில் ஜெய்னுக்குப் பதில் டலீசா வருகிறாள். ராப் காதலிக்கிறான், காதலுக்காக வாக்கை மீறுகிறான். 2013-ல் ஒளிபரப்பான ரெட் வெட்டிங், கல்யாண வீட்டுப் படுகொலை, உலகையே உலுக்கியது. அதன் பயங்கரம் இரண்டு வடிவிலும் ஒன்றுதான். ஆனால் அப்பாவும் மகனும் ஒரே குணத்தால் அழிந்தார்கள் என்ற துயரம் தொடரில் இல்லை.

ராபின் தங்கை சான்சாவுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். நாவலில் ராம்ஸி போல்டனுக்குக் கட்டிவைக்கப்படுவது, ஆர்யா என்று பொய் சொல்லி அனுப்பப்பட்ட ஜெய்ன் பூல் என்ற பெண். ஐந்தாவது சீசன் அந்த இடத்தில் சான்சாவைக் கொண்டுபோய் நிறுத்தியது. திரைக்கதைக்கு அது சிக்கனம். ஆனால் எதையும் பத்து அடி முன்னால் யோசிக்கும் லிட்டில்ஃபிங்கர், தன் கையிலிருக்கும் விலைமதிப்பற்ற ஆளை, யாரென்றே சரியாகத் தெரியாத ஒருவனிடம் ஏன் ஒப்படைக்க வேண்டும்? தொடர் தரும் பதில் எனக்கு ஒருபோதும் போதவில்லை.

2016 ஏப்ரலில் ஒப்பீட்டின் தன்மையே மாறியது. ஆறாவது நாவல் 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' முடியவில்லை என்று அந்த ஜனவரியில் மார்ட்டின் அறிவித்திருந்தார். தொடர் நாவலைத் தாண்டிப் போனது. அதுவரை அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்து, தெரியாதவர்களிடம் வாயைத் திறக்காமல் காத்த வாசகர்கள் முதல்முறையாக மற்றவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். முடிவின் முக்கியத் திருப்பங்களை மார்ட்டின் முன்பே பெனியாஃபுக்கும் வைஸுக்கும் சொல்லியிருந்தார். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், வழிதான் எழுதப்படவில்லை.

எட்டாவது சீசனில் டெனேரிஸ், சரணடைந்த நகரத்தை எரித்தாள். சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லும் இணைய மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் கோபத்தை முடிவின் மீதான கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. ஐந்தாவது நாவலில் யங் கிரிஃப் என்ற இளைஞன் வருகிறான். தானே அரியணைக்கு உரிய டார்கேரியன் என்று சொல்லிப் படையோடு இறங்குகிறான். டெனேரிஸ் வந்து சேரும்போது, மக்கள் ஏற்கெனவே இன்னொரு டார்கேரியனைக் கொண்டாடிக்கொண்டிருந்தால் அவள் மனம் என்ன ஆகும் என்பது வாசகர்களின் ஊகம். எழுதப்படாத நாவலைப் பற்றிய ஊகம்தான். ஆனாலும் எந்த இடத்தில் காரணம் காணாமல் போனது என்று அது துல்லியமாகச் சுட்டுகிறது. தொடரில் யங் கிரிஃப் இல்லவே இல்லை.

ஒரு வெட்டு காரணத்தை என்ன செய்கிறது என்ற இந்தக் கேள்வியை மார்ட்டினே வெளிப்படையாகக் கேட்டதும் உண்டு. 2022-ல் தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடருக்கு மூலம், 2018-ல் அவர் எழுதிய 'ஃபயர் அண்ட் பிளட்'. கற்பனை வரலாற்று ஆசிரியர் ஒருவர், ஒன்றுக்கொன்று முரண்படும் சாட்சியங்களை வைத்து எழுதியதுபோல அமைந்த நூல் அது. அதில் ராணி ஹெலேனாவுக்கு மூன்று குழந்தைகள். அரண்மனைக்குள் புகுந்த கொலையாளிகள், இரண்டு மகன்களில் எவன் சாக வேண்டும் என்று தாயையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அவள் சின்னவன் மேலோரின் பெயரைச் சொல்கிறாள். அவர்கள் மூத்தவனைக் கொல்கிறார்கள். உயிரோடிருக்கும் சின்ன மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறாள் அந்தத் தாய். தொடரில் மேலோர் கிடையாது. தூங்கும் இரட்டையரில் எது ஆண் என்று காட்டச் சொல்கிறார்கள், அவள் காட்டுகிறாள். கொடூரமான காட்சிதான், ஆனால் தேர்வு என்ற சித்திரவதை அதில் இல்லை.

2024 செப்டம்பரில் மார்ட்டின் தன் வலைப்பதிவில் இதைப் பற்றி எழுதினார். சிறு குழந்தையை வைத்துப் படம்பிடிக்கும் சிரமமும் செலவும் காரணமாகச் சொல்லப்பட்டபோது தான் இணங்கியதையும், இந்த ஒரு வெட்டு பின்னால் எவற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்பதையும் விளக்கினார். பதிவு சில மணி நேரத்தில் நீக்கப்பட்டது. நூலில் மேலோர் பின்னர் ஒரு கும்பலின் கையில் சிக்கிச் சாகிறான். ஹெலேனா தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவள் மீது பிரியம் வைத்திருந்த தலைநகர மக்கள் கொதித்தெழுகிறார்கள், அந்தக் கலவரத்தில் டிராகன்களே மடிகின்றன. மேலோர் இல்லாத தொடர் ஹெலேனாவுக்கு வேறொரு காரணத்தை உண்டாக்கியே ஆகவேண்டும். நூலைப் படித்தவர்கள் தேடுவதும் அதைத்தான்.