நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு குழந்தைக்குச் சிகிச்சையளிக்க முன்வருபவருக்குப் பட்டமும் பயிற்சியும் அவசியம் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆயினும் அவற்றுக்கும் மேலாக, எதைக் கேட்டாலும் கலங்காத ஸ்திரசித்தமும், அந்தக் குழந்தையிடம் எக்காரணத்தாலும் பொய் சொல்லாத சத்தியமும் அவரிடம் குடிகொண்டிருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

ஹங்கேரி தேசத்து மனோவைத்தியர் சாந்தோர் ஃபெரென்சி, 1932ஆம் ஆண்டு ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் கூடிய உளப்பகுப்பாய்வு மாநாட்டில், தம் ஆசானாகிய பிராய்டின் ஆட்சேபத்தையும் மீறி ஒரு கட்டுரை வாசித்தார். பால்யத்தில் பாலியல் வன்முறையால் சிதைக்கப்பட்டவர்களின் துயரம் கற்பனையில் விளைந்ததன்று, மெய்யாகவே நிகழ்ந்தது என்று வாதித்த அவர், வைத்தியர் தம் பிழைகளை மூடி மறைத்து வேஷமிட்டால் நோயாளி அதை அறிந்தே தீருவார், மனம்விட்டு ஒப்புக்கொண்டாலோ அங்கேதான் நம்பிக்கை பிறக்கிறது என்றும் சொன்னார். அன்று சகாக்கள் அதை ஏற்கவில்லை; மறு ஆண்டே அவர் காலமானார்.

குழந்தை பேசும்போது எதிரிலிருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்முகத்தில் அருவருப்போ திகைப்போ ஒரு கணம் தோன்றினாலும், பாதி வாக்கியத்தில் அது வாயை மூடிக்கொள்ளும். இன்று சொன்னதை நாளை மறுப்பதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சமிட் 1983ஆம் ஆண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். மறுத்துவிட்டதாலேயே முன்பு சொன்னது பொய்யென்று முடிவுகட்டுபவர் இத்தொழிலுக்கு லாயக்கற்றவர். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று விடையை வாயில் ஊட்டுவதும் தகாது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையோடு காத்திருப்பதே முறை. ஆறுதலாகத் தலையை வருடுவதற்கும்கூட அனுமதி கேட்க வேண்டும், ஏனெனில் தன் தேகம் தனக்கே உரியது என்ற உரிமையுணர்வைத்தான் அது பறிகொடுத்திருக்கிறது.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிப்பதோ பெரும் பிசகு. குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது. முன்னமே ஒருவன் 'ரகசியம்' என்று சொல்லிக் கட்டிப்போட்ட குழந்தைக்கு இன்னொரு பொய் ரகசியம் வேண்டாம். யாரிடம், எதற்காகச் சொல்ல நேரும் என்பதை அதன் வயதுக்கேற்ற பாஷையில் முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் குழந்தை இப்படியொன்றைச் சொல்ல நேர்ந்தால் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். சொன்னதை நம்புங்கள், தாமதியாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.