171-இல் உடையும் பெருக்கல்

ஐயம்பேட்டைத் தறியில் ஒரு புடவைக்குப் பத்து நிறப் பட்டைகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிறங்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கினால் 36,28,800 விதமாகப் பாவு போடலாம். 1 முதல் 10 வரை பெருக்கினால் வரும் இந்த எண்தான் 10-இன் காரணியப் பெருக்கம். இதன் வளர்ச்சி மலைக்க வைப்பது. சி மொழியின் ‘டபுள்’ எண்வகை சுமார் 1.8 × 10³⁰⁸ வரைதான் தாங்கும். 170-இன் காரணியப் பெருக்கம் அதற்குள் அடங்கும். 171-க்குப் போனால் ‘முடிவிலி’ என்றே விடை வரும்.

ஆனால் நமக்குப் பெரும்பாலும் அந்த ராட்சத எண் தேவையே இல்லை. 1000 பொருள்களில் 500-ஐ எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? விடை 300 இலக்க எண், டபுளுக்குள் அடங்கிவிடும். வழியில் வரும் 1000-இன் காரணியப் பெருக்கத்துக்கோ 2,568 இலக்கங்கள். அங்கேதான் நிரல் உடைகிறது. மடக்கை எடுத்துவிட்டால் பெருக்கல் கூட்டலாகும், வகுத்தல் கழித்தலாகும். எண்களும் கைக்கு அடங்கும். சி99 தரம் கொண்டுவந்த ‘எல்காமா’ இதைத்தான் செய்கிறது: காமா சார்பின் இயல் மடக்கையைத் தருகிறது. n-இன் காரணியப் பெருக்கம் என்பது n+1-இல் காமாவின் மதிப்பு, ஆகவே ஒன்று கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. 170-இன் காரணியப் பெருக்கத்துக்கு 171-ஐக் கொடுத்தால் 706.57 கிடைக்கும்.

உள்ளே அது மடக்கைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருப்பதில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993-இல் தந்த, பலரும் எடுத்தாண்ட நிரல், 8-க்கு மேற்பட்ட எண்களுக்கு 1730-ஐச் சேர்ந்த ஸ்டர்லிங்கின் தோராயச் சூத்திர வழியில் போகிறது. சிறிய எண்களுக்குத் தனிப் பல்லுறுப்புக்கோவைகள் வைத்திருக்கிறது.

ஸ்டர்லிங்கின் வழியை நம் ராமானுஜன் அழகாகச் செதுக்கினார். கும்பகோணத்துப் புடவைக்கடைக் கணக்கரின் மகன். சிறுவயதில் காஞ்சிபுரத்தில் தாய்வழித் தாத்தா வீட்டிலும் இருந்தவர். இந்தியக் கணிதச் சங்க இதழில் 754-ஆம் கேள்வியாக அவர் விடுத்தது இது: x-இன் காரணியப் பெருக்கத்தை √π, (x/e)ˣ இரண்டாலும் வகுத்தால், 8x³ + 4x² + x + E என்பதன் ஆறாம் மூலம் வரும், E எப்போதும் 1/100-க்கும் 1/30-க்கும் இடையில் இருக்கும். E-க்கு 1/30 போட்டு 10-ஐக் கொடுத்துப் பாருங்கள். ஸ்டர்லிங்கின் எளிய சூத்திரம் சுமார் 30,000 குறைவாகச் சொல்லும் இடத்தில், இதன் பிழை ஒன்றைக்கூட எட்டாது. காகிதத்தில் கணக்கிட இதைவிட நல்ல சூத்திரத்தை நான் பார்த்ததில்லை.

எல்காமாவைப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. குறை எண்களுக்குக் காமாவின் குறி மாறும். எல்காமா தருவது அதன் மட்டு மதிப்பின் மடக்கையை மட்டுமே. பெரிய மடக்கையைத் திரும்ப எண்ணாக மாற்றினால் கடைசிச் சில இலக்கங்கள் பிசகும். ஆகவே கழிக்க வேண்டியதையெல்லாம் மடக்கையிலேயே கழித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள்.