எல்லைப்புறத்தில் வளர்ந்த மருத்துவம்

பாறசாலையிலிருந்து வடகிழக்கே சிறிது தூரம் சென்றால் காரக்கோணம் என்னும் ஊர் வரும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஓரம் அது. அதற்கு அப்பால் விளவங்கோடு, அதாவது தமிழ்நாடு. அவ்வூரில் 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி டாக்டர் சாமர்வெல் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. யார் இந்தச் சாமர்வெல்? எவரெஸ்ட் மலையில் ஏற முயன்றவர் என்று சிலர் சொல்லக்கூடும். சொன்னால் சரிதான். ஆனால் மலையைவிட மருத்துவமனையே அவர் வாழ்வில் பெரிய கதை. அக்கதையைச் சொல்ல, எல்லையைத் தாண்டி நெய்யூருக்குப் போகவேண்டும். நூறு ஆண்டுகள் பின்னோக்கியும் போகவேண்டும்.

மேனாட்டு மருத்துவம் சீனாவில் காலூன்றிய வரலாற்றைப் படிப்போர், காண்டன் நகரில் 1835-இல் பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்கர் திறந்த கண் மருத்துவமனையிலிருந்து தொடங்குவது வழக்கம். 1838-இல் அந்நகரில் மருத்துவ மிஷன் சங்கம் ஒன்றும் அமைந்தது. அதே 1838-இல்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தென் திருவிதாங்கூரில் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். (பார்க்கருக்கும் முன்பே, 1819-இல், டாக்டர் ஜான் ஸ்கட்டர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத் தமிழரிடையே மருத்துவம் செய்தார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.) சீனாவுக்கும் நமக்கும் தொடக்கம் ஏறத்தாழ ஒன்றே.

நெய்யூரில் தொடக்கம் தடுமாற்றமாகவே இருந்தது. ராம்சே சில ஆண்டுகளில் விலகினார். பின்னர் வந்த டாக்டர் லீச் 1854-இல் முட்டம் கடலில் குளிக்கையில் மூழ்கி இறந்தார். 1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ என்பவரின் காலத்தில்தான் பணி வேர்பிடித்தது. இவர் செய்த ஒரு காரியத்தை நான் மற்றெல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். வகுப்பில் தேறியவர்கள் கிளை மருந்தகங்களுக்குப் பொறுப்பேற்றார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஓரிடத்தில் உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? காய்ச்சலும் பேதியும் கண்டவன் மாட்டுவண்டியில் நெய்யூர் போய்ச் சேருமுன் உயிர் போய்விடும். பக்கத்துக் கிராமத்தில் புண்ணைக் கழுவிக் கட்டத் தெரிந்த ஒருவன், அதுவும் தன் மொழி பேசும் ஒருவன் இருந்தால் கதை வேறு. காண்டனில் பார்க்கரும் குவான் ஆட்டோ என்ற சீன இளைஞருக்கு அறுவை சிகிச்சை கற்பித்து, அவர் பேர்பெற்ற வைத்தியரானார் என்று படிக்கிறோம். இரு நாட்டிலும் பாதை ஒன்றுதான்.

இந்த மருத்துவர்கள் மதம் பரப்பவே வந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களே மறைத்ததில்லை. ஆயினும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். ஒரு சாதியார் நடக்கும் வழியில் மற்றொரு சாதியார் நடக்கக்கூடாதென்று இருந்த நாடு அன்றைய திருவிதாங்கூர். அந்நாட்டில் பிராமணரும் புலையரும் ஒரே கூரையின் கீழ் மருந்துக்குக் காத்திருந்த இடம் நெய்யூர். நோய்க்கு முன் நீதி மெல்ல எட்டிப் பார்த்தது எனலாம்.

இனிச் சாமர்வெல்லுக்கு வருவோம். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டோரைக் கத்தி பிடித்துக் காப்பாற்றியவர். 1922-இல் எவரெஸ்ட் குழுவுடன் இந்தியா வந்தார். ஏறும் முயற்சி முடிந்ததும் நாடு சுற்றி வருகையில், நண்பர் டாக்டர் பியூவைக் காண நெய்யூருக்கு வந்தார். அங்கே காத்துக்கிடந்த கூட்டத்தையும், களைத்துப்போன ஒரே அறுவை மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு மறு ஆண்டே நெய்யூர் திரும்பினார். 1924-இல் மீண்டும் மலைக்குப் போய், பிராணவாயுக் கருவி இல்லாமல் 28,000 அடி அளவுக்கு ஏறினார்; தொண்டை உறைபனியால் புண்பட்டு மூச்சடைத்துச் சாகும் நிலையிலிருந்து தப்பினார். பிறகு நெய்யூரில் இருபதாண்டுக்கும் மேலாகப் பணி. நம் பக்கத்தாரை வாட்டிய குடல்புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் பேர்பெற்றவை. பின்னாளில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார், 1975-இல் மறைந்தார்.

ஆனால் நெய்யூர் உலகுக்குக் கொடுத்த பெருங்கொடை கத்தியால் வந்ததன்று, கண்ணால் வந்தது. அங்கே வந்த புற்றுநோயாளிகளில் வாய்ப்புற்று கொண்டவர்கள் மிகப் பலர். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு என்று அழுகி, வாய் திறக்கமுடியாத நிலையில் வருவார்கள். இங்கிலாந்தில் இப்படிக் காண்பதில்லையே, இங்கே மட்டும் ஏன் என்று டாக்டர்கள் கேட்கத் தொடங்கினர். 1908-இல் டாக்டர் பெண்டால், திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1933-இல் டாக்டர் ஆர் என்பவர் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு லான்செட் இதழில் எழுதினார். குற்றவாளி நம் வீட்டு வெற்றிலைச் செல்லத்தில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மென்ற உருண்டையை எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறார்களோ அந்தக் கன்னத்திலேயே புற்று தோன்றியது. அதை வாயில் வைத்தபடியே உறங்குவோர்க்கு ஆபத்து அதிகம்.

எளிய கேள்வி, எளிய விடை. ஆயினும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை சேர்ந்த வெற்றிலைத் தாம்பூலத்தைப் புற்று விளைப்பது என்று உறுதியாக வகைப்படுத்தியது 1985-இல். புகையிலை இல்லாத தாம்பூலத்தையும் அவ்வாறே சேர்த்தது அதற்கும் பிறகு. இடையில் எத்தனை பாட்டிமார்கள்! ஆங்கில இதழில் அச்சான செய்தி, களியக்காவிளைச் சந்தையில் புகையிலை வாங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிரீன் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். சீனாவில் டாக்டர் ஹாப்சன் 1851-இல் உடற்கூற்று நூலைச் சீன மொழியில் வெளியிட்டார். அந்த வழி தொடர்ந்திருந்தால், பெண்டால் கண்டது இருபது முப்பது ஆண்டுகளிலேனும் திண்ணைக்கு வந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

வேறொரு வேற்றுமையும் உண்டு. பீக்கிங் நகரில் லண்டன் மிஷனும் பிற சங்கங்களும் சேர்ந்து 1906-இலேயே மருத்துவக் கல்லூரி நிறுவின. நம் எல்லைப்புறத்துக்கு அது வரக் காரக்கோணம் வரை, அதாவது 96 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 1956-இல் எல்லைக்கோடு விழுந்து, நெய்யூர் ஒரு பக்கமும் பாறசாலை மறு பக்கமும் ஆகிவிட்டன.

லோ காட்டிய வழி மட்டும் முற்றும் மறையவில்லை. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துக்களில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. வீடு வீடாகச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி, வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ உண்டா என்று பார்ப்பதே வேலை. 2005-இல் முடிவு வெளியாயிற்று: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவரிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. வீடுகளுக்குச் சென்று பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர். சில வாரப் பயிற்சி பெற்ற, மருத்துவம் படிக்காத பட்டதாரிகள், நம்மைப் போன்றவர்கள்.