தூக்கத்துக்குக் கணக்கு எழுதும் கைக்கடிகாரம்!

காலை மணி 7. மீஞ்சூர் ரெயில் நிலையம். கும்மிடிப்பூண்டியில் இருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. ஜன்னல் ஓரத்தில் சிலர் தூங்கி வழிகிறார்கள். இவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் அல்ல. இரவு வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்!

மடியில் காலியான டிபன் டப்பா. பக்கத்தில் இருப்பவரின் தோளில் தலை. மணிக்கட்டில் ஒரு புதுமாதிரிக் கடிகாரம்.

இந்தக் கடிகாரம் மணி மட்டும் காட்டுவது இல்லை. "நேற்று நீ எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்றும் சொல்கிறது. "ஸ்மார்ட் வாட்ச்" என்று பெயர். இரண்டாயிரம் ரூபாய்க்கும் கிடைப்பதால், தொழிலாளிகளும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

அது சொல்லும் கணக்கு சரிதானா? சரி என்றால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தூங்காத ஊர்

திருவள்ளூர் வேறு, வள்ளூர் வேறு. வள்ளூர், மீஞ்சூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பெரிய அனல் மின்சார நிலையம் உண்டு. மூன்று எந்திரங்கள். ஒவ்வொன்றும் 500 மெகாவாட். நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் வேகத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள்.

"மணி பத்து ஆகிவிட்டது. கொதிகலனை அணைத்துவிட்டுப் படுக்கப் போகலாம்" என்று அங்கே சொல்ல முடியுமா? முடியாது. இரவு முழுவதும் ஆள் விழித்து இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளிலும் இதே கதைதான். நாம் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறோம். அந்த விசிறி சுற்றுவதற்காக வேறு ஒருவர் விழித்து இருக்கிறார்!

குகைக்குள் ஒரு மாதம்

இரவில் விழித்துவிட்டு பகலில் தூங்கினால் கணக்கு சரியாகிவிடாதா? ஆகாது. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு மேலே, மூளையின் அடியில், அரிசி மணியைவிடச் சிறிய இடத்தில் அது ஓடுகிறது. சூரிய வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது.

1938-ம் ஆண்டில் கிளைட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வேலை செய்தார். தன் மாணவர் ரிச்சர்ட்சனை அழைத்துக்கொண்டு, சூரிய ஒளி எட்டாத ஒரு பெரிய குகைக்குள் போய் 32 நாட்கள் தங்கினார். நாளுக்கு 24 மணி என்பதை மாற்றி, 28 மணி என்று வைத்துக்கொண்டார்கள். இளைஞரான ரிச்சர்ட்சனின் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. கிளைட்மனுக்கு வயது 43. அவருடைய உடம்போ பழைய கணக்கை விட மறுத்துவிட்டது!

நம் மதுரையிலும் இந்த ஆராய்ச்சி நடந்து இருக்கிறது. காமராசர் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன் என்ற விஞ்ஞானி இருந்தார். சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களுக்கு நேரம் எப்படித் தெரிகிறது என்று ஆராய்ந்தவர் அவர். பிறகு பகலா, இரவா என்று தெரியாத ஓர் அறையில் மனிதர்களையே நாட்கணக்கில் தங்க வைத்து ஆராய்ந்தார். 2009-ம் ஆண்டில் அவர் காலமானார். அவரைப்பற்றி நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கவேண்டும் என்பது என் ஆசை.

விடியற்காலை 4 மணி, 5 மணி வாக்கில் உடம்பின் சூடு மிகக் குறைவாக இருக்கும். அப்போதுதான் கண் சொக்கும், கை தடுமாறும். போபாலில் விஷவாயு கசிந்தது 1984 டிசம்பரில், நள்ளிரவு நேரம். சோவியத் யூனியனின் செர்னோபில் அணு உலை (இப்போது உக்ரைன் நாட்டில் இருக்கிறது) 1986 ஏப்ரலில் வெடித்தபோது மணி இரவு 1.23. தூக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு பெரிய தவறுகள் இருந்தன. ஆனால் இரவு நேரத்தில் மனிதனின் கவனம் குறையும் என்பதை மறந்துவிடவும் முடியாது.

பச்சை விளக்கின் ரகசியம்

கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மினுக்கும். அந்த ஒளி தோலுக்குள் போய், ரத்த ஓட்டத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் திரும்புகிறது. அதில் இருந்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. கை அசைவதை அறியும் கருவியும் உள்ளே உண்டு. அசைவு இல்லை, நாடியும் தணிந்தது என்றால், "தூங்குகிறார்" என்று எழுதிக்கொள்கிறது.

கடன் தவணையை நினைத்துக்கொண்டு, மோட்டு வளையைப் பார்த்தபடி அசையாமல் படுத்து இருந்தால்? பல சமயம் அதையும் தூக்கம் என்று எழுதிவிடும்!

"ஆழ்ந்த தூக்கம் 1 மணி 10 நிமிடம், கனவுத் தூக்கம் 50 நிமிடம்" என்றெல்லாம் காட்டுகிறதே, அது உத்தேசம்தான். கனவுத் தூக்கத்தை 1953-ல் உலகுக்குச் சொன்னவர்கள் அதே கிளைட்மனும், அவருடைய மாணவர் அசெரின்ஸ்கியும். அசெரின்ஸ்கி தன் 8 வயது மகனின் கண் அருகில் கம்பிகளை ஒட்டி, கண் விழி உருளுவதைக் காகிதத்தில் பதிவு செய்தார். இன்றும் மூளை, கண், தாடைத் தசை ஆகியவற்றில் கம்பி ஒட்டிப் பார்ப்பதுதான் சரியான பரிசோதனை. மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் மூளையைப் பார்ப்பது இல்லை.

படுத்த நேரம், எழுந்த நேரம், மொத்தத் தூக்கம். இந்த மூன்றையும் ஓரளவு நம்பலாம். இரவு ஷிப்டுகாரருக்கு இதிலும் ஒரு தொல்லை. பகல் தூக்கத்தைச் சில கடிகாரங்கள் "குட்டித் தூக்கம்" என்று தள்ளிவிடும். ரெயிலில் போடும் அரை மணித் தூக்கம் கணக்கில் வராமலே போகலாம்.

ஒரு நோட்டுப்புத்தகம் போதும்

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். இரவு 10 முதல் காலை 6 வரை வேலை. 9 மணிக்குப் படுக்கிறார். பகல் 1 மணிக்கு விழித்துக்கொள்கிறார். கடிகாரம் 4 மணி நேரம் என்கிறது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மீதி 3 மணி நேரம் எங்கே போனது?

தகரக் கூரையின் சூடு. தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி. "அப்பா எழுந்துவிட்டாரா?" என்று எட்டிப் பார்க்கும் குழந்தை. விடியற்காலை 4 மணிக்குக் குடித்த டீயும் ஒரு காரணம். டீயில் உள்ள விழிப்பு தரும் சத்தில் பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஒரு நாள் கணக்கைப் பார்த்துக் கலங்க வேண்டாம். இரண்டு வாரக் கணக்கைப் பாருங்கள். எந்த ஷிப்டு, கடைசி டீ எப்போது என்று பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி. அடுத்த வாரம் 2 மணிக்குப் பிறகு டீ இல்லை. இரண்டையும் சேர்த்து மாற்றினால், எது பலித்தது என்று தெரியாது.

வீட்டில் உள்ளவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். "பகலெல்லாம் தூங்குகிறார்" என்று சொல்லும் மாமியார், 4 மணி நேரம் என்ற எண்ணைப் பார்த்தால் மிக்சியைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்!

எல்லாவற்றையும் தொழிலாளியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. 12 மணி வேலை, 3 மணி பயணம் என்றால் எந்தக் கடிகாரமும் 7 மணித் தூக்கத்தைக் காட்டாது.

சிலருக்குக் கடிகாரமே வியாதி ஆகிவிடும். "இன்றைக்கு 60 மார்க்குதான்" என்ற கவலையிலேயே தூக்கம் போய்விடும். 2017-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், 7 மணி நேரம் தூங்கியும் அசதி. இவை இருந்தால் கடிகாரம் "நன்று" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். டாக்டரிடம் போங்கள். அந்த இரண்டு வார நோட்டுப்புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். குறட்டையைப் பற்றிச் சொல்ல, வீட்டில் ஒருவரையும் அழைத்துப் போங்கள். தூங்குகிறவருக்குத் தன் குறட்டை தெரியாது அல்லவா?